பாத்துருவமா டீச்சர்

பெயரைச் சொன்னால் சண்டைக்கு வந்துவிடுவார். அதற்கும் முன்னால், நான் எழுதியதெல்லாம் உண்மைதானா என்று ஊரெல்லாம் விசாரித்துவிட்டுத்தான் வருவார். அதனால் டீச்சர் என்றே வைத்துக்கொள்கிறேன்.

ஆமத்தூர்ப் பக்கம் ஒரு கிராமத்துத் தொடக்கப் பள்ளி. அவர் இரண்டாம் வகுப்புக்கு டீச்சர், நான் ஒன்றாம் வகுப்புக்கு. இருவரும் விருதுநகரிலிருந்து ஒரே பஸ்ஸில் போய் ஒரே பஸ்ஸில் திரும்புவோம். இரண்டு வகுப்புக்கும் சேர்த்து ஒரே நீளக் கூடம், நடுவில் ஒரு மூங்கில் தட்டி. அந்தத் தட்டி ஆளை மறைக்குமே தவிர சத்தத்தை மறைக்காது. தட்டிக்கு அந்தப் பக்கம் என்ன நடந்தாலும் என் வகுப்புப் பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு கேட்பார்கள். ‘அ’ எழுதச் சொன்னால் பாதி எழுதிவிட்டுக் காதை அங்கே கொடுத்துவிடுவார்கள்.

அங்கே எப்போதும் ஏதாவது நடந்துகொண்டுதான் இருக்கும். காரணம், டீச்சருக்கு ‘தப்பு’ என்ற சொல் வாயில் வராது. பிள்ளை என்ன சொன்னாலும் தலையைச் சாய்த்து ஒரு நிமிஷம் யோசிப்பார். பிறகு, “அப்படியா சொல்ற? பாத்துருவமா?” என்பார். உடனே வகுப்பே எழுந்துவிடும்.

ஒரு நாள் ஒரு பையன் ஐந்தும் மூன்றும் ஒன்பது என்றான். நானாக இருந்தால் எட்டு என்று சொல்லி, தலையில் லேசாக ஒரு குட்டும் வைத்துவிட்டு அடுத்த கணக்குக்குப் போயிருப்பேன். டீச்சர் புளியங்கொட்டை டப்பாவைத் திறந்தார். பையன் ஐந்தை எண்ணினான், மூன்றை எண்ணினான், சேர்த்து எண்ணினான். ஒன்பது வந்தது. மறுபடி எண்ணினான். மறுபடியும் ஒன்பதுதான்.

“ஒம்பதுதான் வருது டீச்சர்!”

“ஆமாலே, வருதே. அப்ப எங்கிருந்தோ ஒண்ணு கூட வந்துருக்கு. அது எங்கிட்டு வந்துச்சுன்னு பாத்துருவமா?”

அந்தப் பாடவேளை முழுக்க அந்த ஒரு கொட்டையைப் பற்றிய விசாரணைதான். கடைசியில் அது பையன் உட்கார்ந்திருந்த இடத்தில் முன்பே கிடந்த கொட்டை என்று தெரிந்தது. அதைக் கண்டுபிடித்தவள் ஒரு சின்னப் பெண். அவளுக்கு எல்லாரும் கை தட்டினார்கள். அதற்குள் நான் இரண்டு எழுத்து நடத்தி முடித்திருந்தேன். என் பிள்ளைகளும் கை தட்டினார்கள், ஆனால் எனக்கில்லை.

இன்னொரு நாள், ஒரு குடத்துக்கு எத்தனை சொம்பு தண்ணீர் பிடிக்கும் என்று கேள்வி. ஒருவன் பத்து என்றான், இன்னொருவன் நூறு என்றான். பார்த்துவிட்டார்கள். எண்ணிக்கையில் தகராறு வந்து குடத்தைக் கவிழ்த்து மறுபடியும் பார்த்தார்கள். தண்ணீர் தட்டிக்கு அடியில் புகுந்து என் வகுப்புக்கு வந்தது. என் பிள்ளைகள் சிலேட்டுகளைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு, வைப்பாற்றில் வெள்ளம் வந்ததுபோல் கூச்சல் போட்டார்கள்.

“டீச்சர், இது வகுப்பா வாய்க்காலா?” என்று தட்டிக்கு மேலே தலையை நீட்டிக் கேட்டேன்.

“ஒரு நிமிசம் இரும்மா, இன்னும் நாலு சொம்புதான்” என்றார்.

பள்ளிக்கூடத்தில் மட்டும் என்றால் போகட்டும் என்று விடலாம். பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர், “வண்டி இப்ப எடுத்துரும்” என்றால் இறங்கிப் போய் டிரைவர் சீட்டில் ஆள் இருக்கிறாரா என்று பார்த்துவிட்டு வருவார். விருதுநகர் மார்க்கெட்டில் அவர் கத்தரிக்காய் வாங்கப் போனால், விற்கிற அம்மா தானாகவே ஒரு காயைப் பிளந்து முன்னால் வைத்துவிடுவாள். அவரைப் பெண் பார்க்க வந்தபோது, மாப்பிள்ளைக்கு ஒரு கெட்ட பழக்கமும் கிடையாது என்று சொன்னார்களாம். இவர் மறுநாளே அண்ணனைக் கூட்டிக்கொண்டு போய், மாப்பிள்ளை வேலை பார்த்த மளிகைக் கடைக்கு எதிரே சாயங்காலம்வரை உட்கார்ந்திருக்கிறார். “டீ மட்டும் கணக்கு வழக்கில்லாமக் குடிக்காரு. மத்தபடி தங்கம்” என்று வீட்டில் சொல்லிக் கழுத்தை நீட்டினாராம். இதை அவர் கணவரே என்னிடம் டீ குடித்துக்கொண்டே சொன்னார்.

“பிள்ளை தப்பாச் சொன்னா தப்புன்னு சொல்லிட்டுப் போக வேண்டியதுதான டீச்சர்? எதுக்கு இம்புட்டுப் பாடு?” என்று ஒரு நாள் பஸ்ஸில் கேட்டேன்.

“தப்புன்னு சொன்னா அத்தோட வாயை மூடிக்கிடும்மா. பாத்துருவமான்னா நம்ம கூடவே எந்திரிச்சு வரும்.”

“உங்க பிள்ளைக எந்திரிக்கட்டும். என் பிள்ளைகளும்ல சேந்து எந்திரிச்சுருதுக.”

சிரித்தார். அந்தச் சிரிப்பில் திருந்துகிற எண்ணம் கொஞ்சமும் தெரியவில்லை.

அவருடைய இந்தப் பழக்கம் ஊர் சிரிக்கும்படி ஒரு நாள் வெளியே வந்தது. இரண்டாயிரத்து ஐந்து, தீபாவளிக்கு முந்திய சீசன். பட்டாசுக் கம்பெனிகள் ராத்திரி பகல் பார்க்காமல் ஆர்டருக்கு ஓடிக்கொண்டிருந்த நேரம்.

அந்த வருஷம் டீச்சர் வகுப்புக்கு ஒரு வேலை கொடுத்திருந்தார். வீட்டில் இருக்கும் மாதக் காலண்டரில் தினம் காலையில் அன்றைய தேதிக் கட்டத்தில் கரித்துண்டால் ஒரு கோடு போட வேண்டும். என்ன கிழமை என்று பார்த்துக்கொண்டு வந்து வகுப்பில் சொல்ல வேண்டும். சிவகாசிக்குப் பக்கத்தில் காலண்டர் இல்லாத வீடு ஏது? பிள்ளைகள் காலையில் வந்ததும் கூட்டமாகக் கத்துவார்கள், டீச்சர் கரும்பலகையில் எழுதுவார். ஒருத்தி மட்டும் அந்தக் கூட்டத்தில் முணுமுணுவென்று ஏதோ சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவாள். புளியங்கொட்டையைக் கண்டுபிடித்தாளே, அதே பெண்.

ஊருக்கு வெளியே, ஒரு சம்சாரியின் சோளக்காட்டில் மோட்டார் ரூமை ஒட்டிய ஒற்றை வீடு அவர்களுடையது. அப்பா லாரியில் லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போனால் தீபாவளி கழித்துத்தான் திரும்புவார். அம்மா பட்டாசுக் கம்பெனியில் வேலை. விடிவதற்குள் வேன் வந்துவிடும். சோற்றை ஆக்கி வைத்துவிட்டு அவள் போனால், பிள்ளை தானாகக் குளித்துச் சடை பின்னிக்கொண்டு பள்ளிக்கு வரும். சீசனில் ஞாயிற்றுக்கிழமையும் வேன் உண்டு. அந்த வீட்டில் எல்லாக் கிழமையும் ஒன்றுபோலத்தான்.

ஆவணி மாதத்திலிருந்து அவள் வெள்ளிக்கிழமைதோறும் வராமல் இருந்தாள். மற்ற நாளெல்லாம் முதல் ஆளாக வந்துவிடுவாள். கேட்டால், “அன்னைக்கு லீவுல்ல டீச்சர்” என்பாள். வாரத்துக்கு ஒரு லீவு என்று வீட்டில் யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள் என்று நான் நினைத்தேன்.

ஹெட்மாஸ்டர் வேறு மாதிரி நினைத்தார். சனிக்கிழமை கூலி கொடுக்கிற நாள். வீட்டில் தீப்பெட்டி ஒட்டுகிறவர்கள் வெள்ளிக்கிழமை கணக்கை முடிக்கப் பிள்ளைகளையும் உட்கார வைப்பது அந்தப் பக்கத்தில் தெரிந்த சங்கதி. நியாயமான சந்தேகம்தான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் சந்தேகத்தைச் சந்தேகமாகவே வைத்துக்கொள்ளும் பழக்கம் அவருக்கு இல்லை. அம்மாவை வரச்சொல்லி ஆள் அனுப்பினார்.

அவள் அரை நாள் கூலியை விட்டுவிட்டு வந்தாள். பட்டாசுக்குள் அடைக்கிற மணி மருந்துப் பொடி படிந்து முழங்கைவரை வெள்ளி நிறம். கையைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டு நின்றாள்.

“இங்க பாரும்மா, பிள்ளையை வேலைக்கு விடுற. எனக்குத் தெரியும். இனி ஒரு வெள்ளிக்கிழமை அவ வரலைன்னா மேல எழுதிப் போட்டுருவேன். உன் கம்பெனிக்கும் சேதி போகும்.”

அவள் முகம் செத்துவிட்டது.

“சார், அவ வயசுல தீக்குச்சி அடுக்குனவ நானு. பள்ளிக்கூடத்து வாசப்படி எப்படியிருக்கும்னு எனக்குத் தெரியாது. எம்புள்ள கையில ஒரு குச்சி படக் கூடாதுன்னுதான இம்புட்டுப் பாடு படுதேன். அவளை வேலைக்கு விடுதேன்னு சொல்லாதீக சார்.”

“அப்ப எதுக்கு வரலைன்னு நீயே கேளு.”

கேட்டாள். பிள்ளை பயப்படாமல் ஹெட்மாஸ்டரைப் பார்த்தே சொன்னது: “லீவு அன்னைக்கு எப்படி வர? ஸ்கூல் இருக்க அன்னைக்கெல்லாம் நான் கரெக்டா வாரேன். திங்கக்கிழமைதான் நீங்க யாரும் வர மாட்டேங்கீக. நான் மட்டும் வந்து வாசல்ல உக்காந்துட்டுப் போறேன்.”

ஹெட்மாஸ்டர் கோபத்தில் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். எனக்கு வாயை மூடிக்கொள்ள முந்தானை தேவைப்பட்டது. அம்மா சிரிக்கவில்லை. “பொய்யா சொல்ற? பொய்யா சொல்ற?” என்று பிள்ளையின் முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். வெள்ளைச் சட்டையில் வெள்ளிக் கை அப்படியே பதிந்தது. அடித்தவளும் அழுதாள், அடிபட்டதும் அழுதது.

டீச்சர்தான் பிள்ளையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அப்போதும் அவர் பிள்ளை பொய் சொல்லவில்லை என்றும் சொல்லவில்லை, சொல்கிறது என்றும் சொல்லவில்லை. எனக்கு எரிச்சலாக வந்தது. ஒரு பக்கம் நின்றால் என்ன குறைந்தா போய்விடும்?

அடுத்த வெள்ளிக்கிழமை வந்தது. பிள்ளை வரவில்லை. அவ்வளவு அடி வாங்கியும் வரவில்லை. ஹெட்மாஸ்டர் புதிதாக வாங்கியிருந்த செல்போனைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தார்.

“சார், ஒரு மணி நேரம் பொறுங்க. போய்ப் பாத்துட்டு வந்துருதேன்” என்றார் டீச்சர்.

“உங்க வகுப்பை யாரு பாக்க?”

“அதுகளையும் கூட்டிட்டுப் போறேன். அதுகளும் பாக்கட்டும்.”

அத்தனை பிள்ளைகளைத் தனி ஆளாக ரோட்டில் கூட்டிக்கொண்டு போக முடியாது என்று என்னையும் இழுத்துக்கொண்டார். என் வகுப்பு ஹெட்மாஸ்டர் தலையில் விழுந்தது. நாங்கள் திரும்பி வந்தபோது அங்கே மூன்று பேர் அழுதுகொண்டிருந்தார்கள், ஹெட்மாஸ்டரைச் சேர்த்தால் நான்கு.

கரிசல் வழியில் வரிசையாக நடந்து போனோம். தூரத்திலிருந்தே பிள்ளையைப் பார்த்துவிட்டேன். தொட்டித் தண்ணீரில் பள்ளிக்கூடச் சட்டையைப் போட்டுக் கும்மிக்கொண்டிருந்தது. எங்களைப் பார்த்ததும் சட்டையை அப்படியே விட்டுவிட்டு எழுந்து நின்றது.

“சனிக்கிழமை எதுக்கு டீச்சர் எல்லாரும் வந்துருக்கீக?”

பிள்ளைகள், “ஏ, இன்னைக்கு வெள்ளிக்கிழமை!” என்று கத்தினார்கள். தீப்பெட்டி ஒட்டுகிற பசையோ அட்டையோ அங்கே எதுவும் இல்லை. டீச்சர் பிள்ளைகளை அமர்த்திவிட்டு, “சனிக்கிழமையா? எங்கன போட்டுருக்கு, காட்டு” என்றார்.

வீட்டுக்குள் சுவரில் முருகன் படம் போட்ட மாதக் காலண்டர். புத்தம் புதிது, பளபளவென்று இருந்தது. அக்டோபர் மாதத்தில் பதின்மூன்று வரை ஒவ்வொரு கட்டத்திலும் கரிக்கோடு. பதினான்கிலும் அன்றைய கோடு விழுந்திருந்தது. அதற்கு நேர் மேலே, பிள்ளை சொன்னதுபோலவே, சனி. நான் அண்ணாந்து முருகன் தலைக்கு மேலே இருந்த வருஷத்தைப் பார்த்தேன். இரண்டாயிரத்து ஆறு.

சிவகாசியில் ஆடிப் பெருக்கோடு அடுத்த வருஷத்துக் காலண்டர் வந்துவிடும். அம்மாவின் தம்பி காலண்டர் பைண்டிங்கில் வேலை பார்க்கிறவர். சாம்பிள் ஒன்றைக் கொண்டுவந்து அக்காவுக்குக் கொடுத்திருக்கிறார். அவள் முருகனுக்காக மாட்டியிருக்கிறாள். பிள்ளை டீச்சர் சொன்னபடி தேதியைத் தேடிப் பிடித்து, கோடு போட்டு, கிழமை பார்த்து வந்திருக்கிறது. அடுத்த வருஷத்தில் அதே தேதிக்கு ஒரு கிழமை தள்ளி வரும். நம் வெள்ளி அவளுக்குச் சனி, நம் ஞாயிறு அவளுக்குத் திங்கள்.

“ஏ ஆத்தா, இது இரண்டாயிரத்து ஆறு. அடுத்த வருசத்துக் காலண்டர். இந்தா நம்பர் போட்டுருக்கு பாரு” என்றேன் நான்.

பிள்ளை என்னைச் சந்தேகமாகப் பார்த்தது. “அம்புட்டுப் பெரிய நம்பர் இன்னும் நடத்தலையே. நூறு வரைக்கும்தான நடத்திருக்காக?”

“அப்ப டீச்சர் தினம் போர்டுல எழுதுற கிழமையைப் பாக்கலையா நீ?”

“பாத்தேன். டீச்சர் தினம் மாத்தித்தான் எழுதுவாக. தப்புன்னு சொல்லக் கூடாதுல்ல? அதான் சொல்லலை.”

டீச்சரின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! தன்னைத் திருத்தாமல் ஒரு பிள்ளை இத்தனை நாள் பெருந்தன்மையாக விட்டுவைத்திருந்ததை நினைத்துத் திக்குமுக்காடிப் போனார். இப்படி ஒரு நாள் வர வேண்டும் என்று எத்தனை நாள் காத்திருந்தேன் தெரியுமா? தட்டியைத் தாண்டி வந்த தண்ணீருக்கெல்லாம் சேர்த்து வட்டியும் முதலும் கிடைத்ததுபோல் இருந்தது.

“எல்லாரும் வெள்ளிக்கிழமைன்னுதான சொல்றோம்?” என்றேன்.

“எல்லாரும் சொன்னா ஆச்சா? பாக்கணும்ல?” என்றது பிள்ளை.

டீச்சர் தரையில் உட்கார்ந்துவிட்டார். ஆறு முடிந்து ஏழு நடக்கிற ஒரு பிள்ளைக்கு இன்று வெள்ளிக்கிழமைதான் என்று எதைக் காட்டி நிரூபிப்பது? வானத்தில் எழுதியா இருக்கிறது? என் பஸ் நேரம்வரை இங்கேயே உட்கார வேண்டியதுதான் என்று நினைத்தேன்.

டீச்சர் காலண்டரை மேலிருந்து கீழே ஒரு முறை பார்த்துவிட்டுக் கேட்டார்: “தீபாவளி என்னைக்குன்னு உங்கம்மா சொன்னாக?”

“அடுத்த மாசம் மொத தேதி.”

“காலண்டர்ல எங்கன இருக்குன்னு பாரு.”

பிள்ளை விரலை வைத்துத் தேடியது. அந்த மாதத்திலேயே, இருபத்தோராம் கட்டத்தில், சின்னதாக ஒரு மத்தாப்புப் படத்தோடு தீபாவளி என்று போட்டிருந்தது. விரல் அங்கேயே நின்றுவிட்டது. அடுத்த மாதத்தைத் தூக்கி முதல் கட்டத்தைப் பார்த்தது. அங்கே ஒன்றுமில்லை.

“இதுல ஏழு நாள்ல தீபாவளி வந்துருது. உங்கம்மா இன்னும் நாள் கிடக்குன்னு சொல்லுதாக. யாரு சொல்றது சரி?”

பிள்ளை இந்த மாதத்தையும் அடுத்த மாதத்தையும் மாறி மாறிப் புரட்டிப் பார்த்தது. பிறகு சொன்னது: “பட்டாசுக் கம்பெனிக்காரங்களுக்குத் தீபாவளி தெரியாமப் போகுமா டீச்சர்? காலண்டருதான்…” நிறுத்திவிட்டு டீச்சரைப் பார்த்தது. “தப்புன்னு சொல்லலாமா?”

“தப்பில்ல ஆத்தா. அது அடுத்த வருசத்துக்குச் சரி” என்றார் டீச்சர்.

ஈரச் சட்டையைக் கொடியில் போட்டுவிட்டு, கலர்ச் சட்டையோடேயே எங்களோடு வந்தாள். காலண்டரையும் கழற்றிச் சுருட்டிக்கொண்டு வந்தோம். ஹெட்மாஸ்டர் அதை மேலும் கீழும் பார்த்தார். செல்போன் பைக்குள் போய்விட்டது. பிறகு, “அந்த அம்மா வேன்ல வந்து இறங்கட்டும், கூப்பிட்டுச் சொல்லிருவோம்” என்றார். மிரட்டியவரே சொல்ல வேண்டும் என்று டீச்சரும் அவரை வீட்டுக்குப் போகவிடவில்லை. எங்கள் பஸ் போனது. அடுத்த பஸ் எப்போது என்று நான் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பொழுது சாயும்போது வேன் வந்தது. பள்ளிக்கூட வாசலில் ஹெட்மாஸ்டரும் டீச்சர்களும் பிள்ளையோடு நிற்பதைப் பார்த்ததும், இறங்கின இடத்திலேயே அந்த அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள்.

“சார், சத்தியமா நான் வேலைக்கு விடலை சார். எழுதிப் போட்டுராதீக. கம்பெனியில சீட்டைக் கிழிச்சுருவாக.”

“அட, அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா” என்று ஹெட்மாஸ்டர் சிரித்தார். “உன் பிள்ளை அடுத்த வருசத்துக் காலண்டரைப் பாத்துட்டு வெள்ளிக்கிழமையைச் சனிக்கிழமைன்னு நினைச்சு வீட்டுல இருந்துருக்கா. ஞாயித்துக்கிழமை வந்து வாசல்ல உக்காந்துருக்கா. கேட்டியா கூத்தை!”

வேனில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். டீச்சர் காலண்டரை விரித்துக் கரிக்கோடுகளைக் காட்டி விளக்கமாகச் சொன்னார். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. கோடு போட்ட கட்டங்களையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“டீச்சர், அப்ப அவ இதுல எழுதியிருக்கதைப் பாத்துத்தான் வீட்டுல இருந்தாளா?”

“ஆமாம்மா.”

“யாரும் சொல்லாம? அவளாப் படிச்சா?”

“அவளாத்தான் படிச்சா.”

அவள் பிள்ளையின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். பொடி ஒட்டிவிடும் என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். “படி. அம்மாவுக்குப் படிச்சுக் காட்டு” என்றாள். என்ன படிக்க என்று பிள்ளை கேட்டது. “அடுத்த வருசம் தீபாவளி என்னைக்குன்னு பாரு.” பிள்ளை விரலை ஒவ்வொரு கட்டமாக நகர்த்தி எழுத்துக் கூட்டிப் படித்தது: “தீ… பா… வளி. இருபத்தி ஒண்ணு. சனிக்கிழமைம்மா.” அவள் மறுபடியும் படிக்கச் சொன்னாள். பிள்ளை மறுபடியும் படித்தது. வேன் டிரைவர் ஹாரன் அடித்தார், இன்னும் இறக்க வேண்டிய ஆட்கள் இருந்தார்கள். யாரும் அவரைப் பார்க்கவில்லை. டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும்தான், சும்மா எதற்கு மறைக்க?

அவள் எழுந்தாள். வந்து இறங்கியபோது கும்பிட்ட கை இப்போது இடுப்பில் இருந்தது.

“சார், மேல எழுதிப் போடுவேன்னு சொன்னீகள்ல?”

“அது அன்னைக்கு ஏதோ கோவத்துல…” என்று இழுத்தார் ஹெட்மாஸ்டர்.

“இல்ல சார், எழுதிப் போடுங்க. எம்புள்ள படிக்கான்னு எழுதிப் போடுங்க.”